பயப்படவும் கொஞ்சம் நேரம் வேணும்!

எங்கள் வீட்டில் என்னைப் பற்றி ஒரு கேலி உண்டு. "கரப்பான் பூச்சியைக் கண்டா கூடத்துக்கு ஓடி வருவா. பேய்ப் படம்னா மட்டும் விளக்கை அணைச்சிட்டுத் தனியா உட்கார்ந்து பார்ப்பா!" என்பார் இவர். உண்மைதான். பாலுக்கு உறை ஊற்றி, அடுப்பைத் துடைத்து, எல்லோரும் தூங்கின பிறகு எனக்கே எனக்கென்று கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் நான் தேடுவது பேய்களைத்தான்.

என்னைப் போன்ற ரசிகைகள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். வெளியே சொல்லத்தான் வெட்கம்! அதனால் இந்த இதழில், பெரிய படங்களின் நிழலில் மறைந்துபோன மூன்று பேய்ப் படங்களைச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், எதிலும் முடிவைச் சொல்லிவிட மாட்டேன்.

முதலில் நம்ம ஊர்ப் படம். 'ஆயிரம் ஜென்மங்கள்', 1978-ல் வந்தது. இயக்கியவர் துரை. அதே வருஷம் ரஜினிகாந்துக்கு 'பைரவி', 'முள்ளும் மலரும்' என்று வரிசையாகப் படங்கள். ரஜினி என்றதும் அவற்றைத்தான் சொல்வோமே தவிர, இதை யாரும் சொல்வதில்லை. லதா, விஜயகுமார், பத்மப்ரியா நடித்தது. கல்யாணமாகிக் குடித்தனம் நடத்தும் பெண்ணின் உடம்பில் இன்னொருத்தியின் ஆவி புகுந்துகொள்கிறது. கூடவே இருக்கிற புருஷனுக்கு அது தெரியவில்லை, உடன்பிறந்தவனுக்குத்தான் தெரிகிறது! இதன் மூலம் 1976-ல் வந்த 'யட்சகானம்' என்ற மலையாளப் படம். அதை இயக்கியவர் யார் தெரியுமா? நடிகை ஷீலா! புருஷன் பக்கத்திலேயே இருந்தும், அவள் மாறிப்போனதைக் கவனிக்கவில்லை என்கிற கதை ஒரு பெண்ணின் கையில் படமானதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இரண்டாவது, 'அண்டர் தி ஷேடோ'. 2016-ல் வந்த பாரசீக மொழிப் படம். பாபக் அன்வரி என்பவருக்கு இதுதான் முதல் படம். கதை நடப்பது டெஹ்ரானில், ஈரான் ஈராக் யுத்தம் நடந்த 1980-களில். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவள் ஷிதே. அரசியலில் ஈடுபட்டாள் என்று சொல்லி, மேலே படிக்க விடவில்லை. டாக்டரான புருஷனைப் போர்முனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவளும் சின்னப் பெண் டோர்ஸாவும் தனியாக இருக்கிற அடுக்கு வீட்டின் மேல் ஓர் ஏவுகணை வந்து விழுகிறது. அது வெடிக்கவில்லை, ஆனால் அதன் கூடவே ஏதோ ஒன்று உள்ளே வந்துவிட்டது. ஜின் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். குழந்தையின் பொம்மை காணாமல் போகிறது. ஒரு ராத்திரி பயத்தில் பெண்ணை வாரி எடுத்துக்கொண்டு ஷிதே தெருவுக்கு ஓடி வருகிறாள். தலையில் துணி போடாமல் வந்தாள் என்று அவளையே பிடித்துக்கொண்டு போகிறார்கள்! உள்ளே இருந்தால் பேய், வெளியே வந்தால் குற்றம். அந்தக் காட்சியில் எனக்குத் தொண்டையை அடைத்தது.

மூன்றாவது, 'டார்க் வாட்டர்'. ஜப்பானியப் படம், 2002. ஹிடியோ நகாடா இயக்கியது. அவர் 1998-ல் எடுத்த 'ரிங்கு'வைத்தான் உலகமே கொண்டாடியது. எனக்கென்னவோ இதுதான் ஒரு படி மேல். விவாகரத்து இன்னும் முடியாமல், பெண் குழந்தை யாரிடம் இருப்பது என்று இழுபறி நடக்கும்போது ஒரு தாய் பழைய அடுக்கு வீட்டுக்குக் குடிவருகிறாள். கூரையில் ஓர் ஈரக் கறை. நாளுக்கு நாள் பெரிதாகிறது, சொட்டுகிறது. புகார் சொன்னால் கேட்பாரில்லை. யாரோ ஒரு குழந்தையின் சிவப்புப் பை, தூக்கிப் போட்டாலும் திரும்பத் திரும்ப வருகிறது! ரத்தம் கிடையாது, அலறல் அதிகம் கிடையாது. வெறும் தண்ணீர்தான். பார்த்து முடித்த பிறகு குழாய் சொட்டும் சத்தம் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும்.

இந்தப் படத்தை என் தங்கையோடு பார்த்தேன். அவளுக்கு அப்போது ஆறு மாதக் கைக்குழந்தை. வேலை தேடிப் போன இடத்தில் நேரமாகிவிட, பாலர் பள்ளியில் பெண் காத்திருப்பாளே என்று அந்தத் தாய் பதறி ஓடுகிற இடம் வந்தது. பேய் எதுவும் வராத காட்சி அது. தங்கை படத்தை நிறுத்தச் சொன்னாள். "அக்கா, எனக்கு இதுதான் பயம். ராத்திரி பத்துத் தடவை எழுந்து குழந்தை மூச்சு விடுதான்னு பார்க்கறேன். நான் நல்ல அம்மா இல்லையோன்னு தோணிட்டே இருக்கு" என்று சொல்லி அழுதாள்.

ஆறு மாதமாக அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. "பிள்ளை பெத்தவளுக்கு என்னடி பயம்?" என்று எல்லோரும் கேட்பார்களே! நானும்தான் கேட்டிருப்பேன். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். இப்போது நன்றாகத் தேறிவிட்டாள்.

பிரசவத்துக்குப் பிறகு சில நாள் மனசு கலங்குவது சகஜம். ஆனால் அழுகையும் பயமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது உங்கள் குற்றமில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டிய உடம்புக் கோளாறு போலத்தான். ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நல்ல பேய்ப் படம் நமக்கு இல்லாத பயத்தைக் கொடுப்பதில்லை. உள்ளே வைத்துப் பூட்டியதைக் கொஞ்சம் திறந்து காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் முடிந்தால் தனியாகப் பார்க்காதீர்கள். அக்காவோ, தங்கையோ, எதிர் வீட்டு மாமியோ கூட இருக்கட்டும். குழந்தைகள் நன்றாகத் தூங்கிவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொறிக்க முறுக்கு வேண்டாம், பயத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டவள் சொல்கிறேன்!

உங்களுக்குத் தெரிந்த, யாரும் பேசாத பேய்ப் படம் எது? ஒரு வரி எழுதிப் போடுங்கள். பார்த்துவிட்டு அடுத்த முறை சொல்கிறேன். கரப்பான் பூச்சிக்கு வழி தெரிந்தாலும் சேர்த்தே எழுதுங்கள்!