ஒரே பாடல், இரண்டு இடங்கள்

பீட்டில்ஸ் குழுவின் ‘லெட் இட் பி’ ஆல்பம் 1970 மே மாதம் வெளியானது. குழு பிரிந்த செய்தி வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆல்பத்தில் 12 பாடல்கள், சுமார் 35 நிமிடம். தனித்தனியாகக் கேட்டால் பல பாடல்கள் அருமையானவை. ஒன்றாகக் கேட்டால் ஏதோ ஒட்டவில்லை என்ற குறை அன்றே எழுந்தது. 33 ஆண்டுகள் கழித்து, 2003இல், பெரும்பாலும் அதே பாடல்களைக் கொண்டு ‘லெட் இட் பி... நேக்கட்’ என்ற திருத்திய பதிப்பு வந்தது. ஓர் ஆல்பத்தைத் திருத்துவது என்றால் என்ன செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ள இந்த இரண்டு பதிப்புகளும் உதவும்.

முதலில், பாடல் வரிசை என்றால் என்ன? எந்தப் பாடல்கள் இடம்பெறும், எதற்குப் பின் எது வரும் என்ற தீர்மானமே அது. இசைத்தட்டுக் காலத்தில் இந்தத் தீர்மானத்தில் தட்டுக்கும் பங்கு இருந்தது. எல்பி இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. விளிம்பில் ஒரு சுற்றின் நீளம் அதிகம். மையத்தை நெருங்க நெருங்க அது குறைகிறது. ஆனால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறுவதில்லை. எனவே ஒரு பக்கத்தின் கடைசிப் பாடலின் ஒலி, முதல் பாடலுக்குக் கிடைத்ததில் ஏறக்குறைய பாதி நீளத்துக்குள் அடங்க வேண்டியிருக்கும். கூர்மையான ஒலிகள் அங்கே சற்றுக் கரகரக்கும். தவிர, தட்டுக்கு இரண்டு பக்கங்கள். இரண்டு தொடக்கம், இரண்டு முடிவு. சிடியில் ஒரே தொடக்கம், ஒரே முடிவுதான்.

‘லெட் இட் பி’யின் குறைக்கு அது உருவான விதமும் காரணம். 1969 ஜனவரியில் குழுவின் நால்வரும் ஒரு திட்டத்தோடு கூடினார்கள். ஒட்டுவேலை எதுவும் இல்லாமல், ஒன்றாக நின்று வாசிப்பதை அப்படியே பதிவுசெய்ய வேண்டும் என்பது திட்டம். படக்குழு ஒன்று அதைப் படம்பிடித்தது. மாத இறுதியில், 30ஆம் தேதி, லண்டனில் தங்கள் அலுவலக மொட்டைமாடியில் நின்று வாசித்தார்கள். ஒலிப்பொறியாளர் கிளின் ஜான்ஸ் இந்தப் பதிவுகளிலிருந்து இரண்டு முறை ஆல்பம் தொகுத்துக் கொடுத்தார். இரண்டும் ஏற்கப்படவில்லை. 1970 மார்ச்சில் நாடாக்கள் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடம் போயின. அவர் சில பாடல்களில் வயலின் கூட்டத்தையும் பாடகர் குழுவையும் சேர்த்தார். அதே சமயம், ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்த பேச்சையும் சிரிப்பையும் ஆங்காங்கே விட்டுவைத்தார். ஒரு பக்கம் அலங்காரம், மறுபக்கம் ஒத்திகையின் சாயல். இரண்டும் ஒரே தட்டில் வந்து உட்கார்ந்தன.

2003 பதிப்பில் நான்கு வேலைகள் நடந்தன.

முதலாவது, நீக்கல். ‘டிக் இட்’, ‘மேகி மே’ இரண்டும் வெளியேறின. முன்னது 50 நொடி. பின்னது 40 நொடி. பாடல்களுக்கு இடையிலான பேச்சும் போயிற்று.

இரண்டாவது, சேர்த்தல். 1969இல் ‘கெட் பேக்’ சிங்கிளின் மறுபக்கத்தில் வந்த ‘டோன்ட் லெட் மி டவுன்’ 1970 ஆல்பத்தில் இல்லை. மாடியில் இரண்டு முறை வாசித்ததிலிருந்து அந்தப் பாடலை இணைத்துச் சேர்த்தார்கள்.

மூன்றாவது, டேக் மாற்றமும் கலவை (பதிவான ஒலிகளைச் சேர்க்கும் விதம்) மாற்றமும். ஒரே பாடலைப் பலமுறை பதிவுசெய்யும்போது ஒவ்வொரு முயற்சியும் ஒரு டேக். ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்’ பாடலுக்கு வேறு டேக்கை எடுத்தார்கள். அதில் ஸ்பெக்டரின் வயலின்கள் இல்லை.

நான்காவது, இடமாற்றம். முன்பு கடைசியில் இருந்த ‘கெட் பேக்’ முதலுக்கு வந்தது. ‘லெட் இட் பி’ பாடல் முடிவுக்குப் போனது.

இந்த நான்கில் இடமாற்றமே எளியதாகத் தோன்றும். விளைவோ பெரிது. ‘லெட் இட் பி’ பாடலை மட்டும் எடுத்துக்கொள்வோம். இறந்துபோன தாயைக் கனவில் கண்ட பிறகு குழுவின் பால் மெக்கார்ட்னி எழுதிய அமைதியான பாடல் அது. 1970 தட்டில் அது முதல் பக்கத்தின் ஆறாவது பாடல். அதற்கு முன் ‘டிக் இட்’ என்ற நீண்ட விளையாட்டு வாசிப்பின் ஒரு துண்டு. அது ஓய்ந்ததும் குழுவின் ஜான் லென்னன் கீச்சுக்குரலில் கேலியாக ஓர் அறிவிப்பு செய்கிறார். உடனே பியானோ தொடங்குகிறது. பாடல் முடிந்ததும் ‘மேகி மே’ வருகிறது. மாலுமியிடம் திருடிய ஒரு பெண்ணைப் பற்றிய லிவர்பூல் தெருப்பாட்டு அது. பிரார்த்தனை போன்ற ஒரு பாடலுக்கு முன்னும் பின்னும் கேலி. கேட்பவருக்கு உருகுவதா சிரிப்பதா என்று தெரியாது.

2003இல் அதற்கு முன்னால் இருப்பது ‘அக்ராஸ் தி யூனிவர்ஸ்’. அதுவும் அடங்கிய பாடல். பின்னால் எதுவும் இல்லை. பியானோ ஓய்ந்தால் ஆல்பமும் ஓய்கிறது. ஒரு பாடலின் பொருளில் ஒரு பகுதி அதன் அண்டைவீட்டாரிடம் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

அப்படியானால் 2003 பதிப்புதான் சரியானதா? பாடல்களின் தொகுப்பாகப் பார்த்தால் அது சீரானது என்றே தோன்றுகிறது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ‘நேக்கட்’, அதாவது அலங்காரமற்றது, என்று பெயர் வைத்தாலும் அதிலும் வெட்டும் ஒட்டும் உண்டு. ‘ஐ மி மைன்’ பாடலின் ஒரு பகுதியைத் திரும்பவும் ஒட்டி ஸ்பெக்டர் நீளமாக்கியிருந்தார்; அந்த நீளத்தை 2003 பதிப்பைத் தொகுத்தவர்களும் வைத்துக்கொண்டார்கள். மற்றொன்று, நீக்கப்பட்ட பேச்சு வெறும் குப்பை அல்ல. பிரிவை நெருங்கிக்கொண்டிருந்த நால்வர் ஒரே அறையில் இருந்ததற்கு அதுவே சாட்சி. வெளியிட்டவர்களும் இதை உணர்ந்திருக்க வேண்டும். கூடத்துப் பேச்சுகளைத் தொகுத்து இன்னொரு சிடியாக உடன் வைத்தார்கள்.

குறையைத் திருத்தும் முன் அது எதன் குறை என்று கேட்க வேண்டியிருக்கிறது. பாடல்களுக்குத் தடையாக இருந்த கீச்சுக்குரல், அந்த ஜனவரி மாதத்துக்கு ஆவணமாகவும் இருந்தது.