மஞ்சள் இதயத்தின் விலை

போன செமஸ்டரில் ஆளுக்கொரு கம்பெனியின் லோகோவை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். எனக்கு விழுந்தது இங்கிலாந்தின் தாமஸ் குக். "மஞ்சள் என்றால் வெயில், இதயம் என்றால் அன்பு, ஆக அன்பான விடுமுறை" என்று ஒரு ஸ்லைடு போட்டேன். கைதட்டல் கிடைத்தது, மார்க்கும் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பெனியின் கதையை ஒழுங்காகப் படித்தேன் (பரீட்சை முடிந்தபின் பாடம் படிப்பது நமக்குப் புதுசா என்ன!). இப்போது அந்த ஸ்லைடை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதலில் சின்ன அறிமுகம். தாமஸ் குக் என்பவர் மர வேலை செய்தவர், மதுவிலக்குப் பிரச்சாரகர். 1841 ஜூலை 5 அன்று மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக லெஸ்டர் நகரத்திலிருந்து லஃப்பரோவுக்கு சுமார் 500 பேரை, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, ரயிலில் அழைத்துப் போனார். குடியை விடச் சொல்லிக் கிளம்பிய அந்த ரயில்தான் பின்னாளில் கடற்கரை, மதுக்கூடம், நீச்சல்குளம் என்று விடுமுறை விற்கும் பெரிய கம்பெனியாக வளர்ந்தது. மனுஷர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

நம் ஊரிலும் தாமஸ் குக் போர்டு பார்த்திருப்பீர்கள். அது வேறு. 2012லேயே இந்தியக் கம்பெனியைக் கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் வாங்கிவிட்டது. நான் சொல்லப்போவது பிரிட்டிஷ் கம்பெனியைப் பற்றி மட்டும்.

2012ல் அந்தக் கம்பெனி கடனில் தத்தளித்துக் கொண்டிருந்தது. ஹாரியட் கிரீன் என்ற புதிய தலைமை அதிகாரி வந்தார். 2013 இலையுதிர் காலத்தில் பழைய உலக உருண்டை லோகோவை எடுத்துவிட்டு, ஒரு மஞ்சள் இதயத்தைக் கொண்டுவந்தார்கள். 'சன்னி ஹார்ட்' என்று பெயர். விமானத்தின் வால், கடை போர்டு, ஊழியர் சீருடை, எல்லா இடத்திலும் அதே இதயம்.

இங்கேதான் என் ஸ்லைடு தப்பு செய்தது. உருண்டை போட்டால் "உலகம் முழுக்க அழைத்துப் போவோம்" என்று அர்த்தம். அது உண்மையா என்று சரிபார்க்கலாம், எத்தனை ஊருக்கு டிக்கெட் விற்கிறார்கள் என்று எண்ணினால் போதும். இதயம் அப்படி இல்லை. "உன் மேல் எங்களுக்கு அக்கறை இருக்கிறது" என்று அது சொல்கிறது. ஒரு வியாபாரி இப்படிச் சொன்னால் அதை எப்போது சோதிப்பது? எல்லாம் நன்றாகப் போகும்போது முடியாது. ஏதாவது தப்பு நடந்தபின்தான் தெரியும்.

தப்பு ஏற்கெனவே நடந்திருந்தது. 2006 அக்டோபரில், தாமஸ் குக் மூலம் கிரீஸின் கோர்ஃபு தீவுக்கு விடுமுறைக்குப் போன ஒரு குடும்பத்தில், ஆறும் ஏழும் வயதான இரண்டு குழந்தைகள் ஓட்டல் அறையிலேயே இறந்துபோனார்கள். பழுதான கொதிகலனிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு. பிரிட்டனில் மரண விசாரணை நடந்தது 2015ல். கம்பெனி தன் பராமரிப்புக் கடமையில் தவறியது என்று ஜூரி தீர்ப்பு சொன்னது. அந்த விசாரணையில் அப்போதைய தலைமை அதிகாரி பீட்டர் ஃபாங்க்ஹவுசர், நடந்ததற்கு வருந்துவதாகச் சொன்னார். ஆனால் கம்பெனி தப்பு செய்யவில்லை, அதனால் மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். போதாதற்கு, இதே சம்பவத்துக்காக ஓட்டல் தரப்பிடமிருந்து தாமஸ் குக் 35 லட்சம் பவுண்டு வாங்கியிருந்ததும் வெளியே வந்தது. நாடே கொதித்தபின் 15 லட்சம் பவுண்டை யுனிசெஃப்புக்குக் கொடுத்தார்கள், பெற்றோரை நேரில் பார்த்து மன்னிப்பும் கேட்டார்கள். குழந்தைகள் இறந்து எட்டரை வருஷம் கழித்து!

"லோகோ வரைந்தவனுக்கும் இதற்கும் என்னடா சம்பந்தம்?" என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். குழந்தைகள் இறந்தபோது அந்த லோகோவே கிடையாது. வரைந்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வரைந்திருப்பார்கள். ஆனால் மன்னிப்பு கேட்க மாட்டேன் என்று சொன்ன 2015ல், வாலில் இதயத்தோடுதான் விமானங்கள் பறந்தன. வெறும் உருண்டையாக இருந்திருந்தால் இன்னொரு கல்நெஞ்சக் கம்பெனி என்று விட்டிருப்போம். நானே இதயம் என்று நெஞ்சில் குத்திக்கொண்டு வருபவனை அப்படி விட முடியாது. வக்கீல்கள் "மன்னிப்பு கேட்டால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும்" என்று சொல்வது புரிகிறது. புரிந்தாலும், அந்த வக்கீலுக்குப் பயப்படாத ஒரே இடமாக இதயம் இருந்திருக்க வேண்டாமா?

மிச்சக் கதை இன்னும் விசித்திரம். 2019 செப்டம்பர் 23 அதிகாலையில் கம்பெனி மூழ்கியது. 178 வருஷம்! கடன் பாரம் முக்கியக் காரணம். வெளிநாடுகளில் இருந்த சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகளை அரசாங்கம் விமானங்கள் ஏற்பாடு செய்து அழைத்துவந்தது. உலகம் முழுக்க 21,000 ஊழியர்களின் வேலை கேள்விக்குறியானது, அதில் 9,000 பேர் பிரிட்டனில்.

பிறகு மிஞ்சியதைப் பிரித்து விற்றார்கள். இந்த இரண்டு விலையையும் பாருங்கள். 555 கடைகளை ஹேஸ் டிராவல் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 60 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. தாமஸ் குக் என்ற பெயரையும் லோகோவையும் இன்னும் சில பிராண்டுகளையும் சீனாவின் ஃபோசுன் 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. கடைகளுக்கு வாடகை, சம்பளம் என்று செலவு தொடரும், பெயருக்கு அதெல்லாம் கிடையாது. அதனால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்று காமர்ஸ் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். தெரியும். இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

கடைகள் போன கை வேறு, இதயம் போன கை வேறு. வாடிக்கையாளரின் பெயர் தெரிந்த, எந்த ஓட்டலில் எந்த அறை நல்லது என்று சொல்லத் தெரிந்த பழைய ஊழியர்கள் பலரை ஹேஸ் திரும்ப வேலைக்கு எடுத்தது. அவர்கள் தலைக்கு மேல் இருந்த போர்டு மட்டும் மாறியது. இதயமோ 2020 செப்டம்பரில் ஓர் இணையதளமாகத் திரும்பி வந்தது. சொந்த விமானம் இல்லை, கடை இல்லை, பழைய கடன் இல்லை, கோர்ஃபுவும் இல்லை. 2024ல் அந்தப் பெயரை போலந்தின் ஈஸ்கை வாங்குவதாக அறிவிப்பு வந்தது.

அந்த ஸ்லைடு ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று திறந்து, இதயத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த "அன்பு" என்ற சொல்லை அழித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.