கண்ணுக்குத் தெரியாத நோயும் நம் கடை வாசலும்

கடைத்தெருவில் வண்டி நிறுத்தும் பிரச்னை பற்றி நம் இதழில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. லாரி எத்தனை மணிக்கு உள்ளே வரலாம், சரக்கு ஆட்டோ எங்கே நிற்கலாம், அபராத ரசீது யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் நமக்குப் பழகிப்போன சங்கதிகள். அவற்றையே மறுபடி எழுத நான் உட்காரவில்லை. கடை வாசலிலேயே காரை நிறுத்திவிட்டு, "அண்ணே, தூரம் நடக்க முடியாது, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று கேட்கிற வாடிக்கையாளரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பார்த்தால் ஆள் திடகாத்திரமாக இருப்பார். கையில் கம்பு இருக்காது, காலில் கட்டு இருக்காது. வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். நம் கடைப் பையன்களுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "நல்லாத்தானே இருக்காரு, நாலு எட்டு நடந்தா என்ன?" என்று அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். முதலாளியும் கல்லாவில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். தாங்கு கட்டையோடு வருபவருக்கு இதே பையன்கள் ஓடிப்போய்க் கை கொடுப்பார்கள். அவர்கள் மனசு கெட்டதல்ல. ஊனம் என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நாம் எல்லோருமே நினைத்துப் பழகிவிட்டோம், அதுதான் காரணம்.

இந்தப் பழக்கத்துக்கு அந்தச் சக்கர நாற்காலிப் படமும் ஒரு காரணம் என்று சொல்வேன். ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், பெரிய ஜவுளிக் கடைகளின் கார் நிறுத்துமிடம் எல்லாவற்றிலும் நீல நிறத்தில் வரைந்திருப்பார்களே, அதை 1968ல் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த சூசன் கோஃபோட் என்ற மாணவி வரைந்தார். முதலில் அந்தப் படத்தில் தலைகூடக் கிடையாது, வெறும் நாற்காலிதான். தலையைப் பிறகுதான் சேர்த்தார்கள். உலகம் முழுக்கப் பரவிய நல்ல அடையாளம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாற்காலியில் வந்தால்தான் இடம் உண்டு என்று காவலாளிகள் அர்த்தம் செய்துகொண்டுவிட்டார்கள்.

நம் நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1995ம் வருடச் சட்டத்தில் ஊனம் என்று 7 வகைகளைத்தான் சொல்லியிருந்தார்கள். 2016ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பார்த்தால், பாதிக்குப் பாதி, பார்த்தவுடன் யாருக்கும் தெரியாத சங்கதிகள். இரத்தம் உறையாத ஹீமோபீலியா இருக்கிறது. தலசீமியா இருக்கிறது. நீலகிரி மலைவாழ் மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் சோகை இருக்கிறது. பார்க்கின்சன் நோய், நரம்புகளின் மேலுறை தேய்ந்துபோகும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மனநோய், ஆட்டிசம், காது மந்தம் எல்லாம் இருக்கின்றன.

ஹீமோபீலியா உள்ள பையனை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் மற்ற பையன்களைப் போலவே இருப்பான். முட்டிக்குள் இரத்தம் கசிந்துவிட்டால் மூட்டு வீங்கி, ஒரு அடி எடுத்து வைப்பதற்கு உயிர் போய் உயிர் வரும். வேட்டி மறைத்திருக்கும் முட்டி யாருக்குத் தெரியும்? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கு உடம்புச் சூடு கூடினாலே கால் தளர்ந்துவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கடைத்தெரு முனையில் காரை விட்டுவிட்டு நடந்து வரச் சொன்னால், வரும்போது நடப்பார், திரும்பிப் போகும்போது நடக்க முடியாது. பார்க்கின்சன் நோயாளிக்கு நடந்துகொண்டே இருக்கும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் ஹாரன் அடிப்பார். குடித்திருக்கிறார் என்றுகூட நினைப்பார்கள்.

இனி, பட்டியலில் இல்லாதவர்களைச் சொல்ல வேண்டும். எனக்கு உண்மையில் மனத்தாங்கல் அங்கேதான். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவர் அந்த 21ல் இல்லை. இதயம் பலவீனப்பட்டவர் இல்லை. நுரையீரல் கெட்டு மூச்சு வாங்குபவர் இல்லை. நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். பலவீனப்பட்டவருக்கு அது 30 சதவிகிதத்துக்கும் இறங்கிவிடுகிறது. அவர் இருநூறு அடி நடப்பதும் நாம் மூட்டையைச் சுமந்து மாடி ஏறுவதும் ஒன்று. அதிலும் நம் வணிகர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் வருவார்கள்! காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குப் பேரேடு மூடும் பிழைப்பில் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வந்து, அவற்றின் வழியாகச் சிறுநீரகமும் இதயமும் போனவர்களை ஒவ்வொரு ஊர்ச் சங்கத்திலும் காட்டலாம்.

என் சம்பந்தி ஒருவர் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இயந்திரம் உடம்பிலுள்ள நீரை இழுத்துவிடுவதால் இரத்த அழுத்தம் இறங்கும், கால் தசை பிடித்துக்கொள்ளும், கண் இருட்டும். மறுநாளும் அந்த அசதி இருக்கும். பேத்தி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஒரு பெரிய ஊரில் உள்ள பெரிய கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். வாசலை ஒட்டி நீலப் பெயிண்ட் அடித்த இரண்டு இடங்கள் காலியாகவே இருந்தன. டிரைவர் அங்கே நிறுத்தப் போனார். காவலாளி, "வீல் சேர் இருக்கா? இல்லைன்னா பின்னாடி போங்க" என்றார். சம்பந்தி முகத்தைப் பார்த்தார், கையைக் காலைப் பார்த்தார். அவர் கணக்குப்படி சம்பந்திக்கு ஒன்றுமில்லை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் கையை விரித்து, ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த நரம்பைச் சம்பந்தி காட்டினார். அதற்குள் பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டது. கடைசியில் பின்புறம் போய் நிறுத்தி, அங்கிருந்து நடந்து, பாதி வழியில் ஒரு திண்டில் உட்கார்ந்துவிட்டார். "வேண்டாம் மச்சான், வேற கடைக்குப் போகலாம்" என்றார். போனோம். கல்யாண ஜவுளி முழுக்க அந்த இரண்டாவது கடையில்தான் எடுத்தோம். வியாபாரி என்ற முறையில் இதை நான் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. காலியாகக் கிடந்த இரண்டு இடத்தைக் காப்பாற்றி, ஒரு கல்யாணப் பில்லைத் தொலைத்தது அந்தக் கடை.

காவலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கேட்டுச் சரிபார்ப்பதற்கு ஒரு அட்டை நம் நாட்டில் இல்லை. மாற்றுத்திறனாளி என்பதற்கான தேசிய அடையாள அட்டை இருக்கிறது. நம் கலெக்டர் ஆபீசில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்டு, மருத்துவச் சான்று பெற்று அதை வாங்கலாம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவிகிதம் பாதிப்பு வேண்டும் என்பது விதி. பட்டியலில் உள்ள நோய் இருந்தும் வாங்காமல் இருப்பவர்கள், கௌரவம் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் கார் கண்ணாடியில் வைத்தால் போதும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற மாதிரி நாடு முழுக்கச் செல்லும் நிறுத்த அனுமதி அட்டை நம்மிடம் கிடையாது.

இங்கிலாந்தில் அது இருக்கிறது. 1971லேயே ஆரஞ்சு நிற அட்டை கொடுத்தார்கள். 2000ம் ஆண்டில் அது நீல அட்டையாக மாறியது. வெளியே தெரியாத ஊனம் உள்ளவர்களுக்கும் உண்டு என்று 2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் விதியைத் திருத்தினார்கள். நடந்தால் உடம்புக்குப் பெரிய ஆபத்து, அல்லது நடப்பதே தாங்க முடியாத மன உளைச்சல் என்றாலும் விண்ணப்பிக்கலாம். அட்டை மனிதருக்குத்தான், காருக்கு அல்ல. யார் காரில் ஏறிப் போனாலும் அட்டை கூடவே போகும். அதோடு ஒரு அட்டைக் கடிகாரம் கொடுத்து, வந்த நேரத்தைக் காட்டி வைக்கச் சொல்கிறார்கள். மற்றவர்கள் நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் 3 மணி நேரம் வரை நிறுத்தலாம். சரக்கு ஏற்றி இறக்கவே தடை போட்ட இடத்தில் மட்டும் அவர்களும் நிறுத்தக் கூடாது. பாருங்கள், சரக்குப் போக்குவரத்தையும் யோசித்துத்தான் விதி போட்டிருக்கிறார்கள். தவறாகப் பயன்படுத்தினால் 1000 பவுண்டு வரை அபராதம்.

கார் வாங்கும் சலுகையிலும் நம்மிடம் இதே கண்ணோட்டம்தான் இருந்தது. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட சிறிய காருக்கு 18 சதவிகித வரி என்ற சலுகை, எலும்பு மூட்டு சார்ந்த ஊனம் 40 சதவிகிதம் உள்ளவர்களுக்குத்தான் கிடைத்தது. ஹீமோபீலியாக்காரருக்கும் தலசீமியாக்காரருக்கும் அந்த நோயின் பேரில் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு எல்லோருக்குமே 18 சதவிகிதம் ஆகிவிட்டதால், அந்தச் சலுகைக்குத் தனி மதிப்பு இல்லாமல் போயிற்று. மோட்டார் வாகனச் சட்டத்தை 2019ல் திருத்தியபோது, ஊனமுற்றவருக்கெனத் தனியாகத் தயாரித்த வண்டி மட்டுமின்றி, அவருக்கு ஏற்றபடி மாற்றியமைத்த வண்டியையும் சேர்த்துக்கொண்டார்கள். கையால் பிரேக் போடும் வசதி வைத்த கார் அதில் வரும். இதய நோயாளி காரில் மாற்றியமைக்க ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டியது வாசலுக்குப் பக்கத்தில் ஒரு இடம்.

"இப்படி ஆளாளுக்கு நோய் சொல்லிக்கொண்டு வாசலை அடைத்தால் வியாபாரம் என்னாவது?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பொய் சொல்பவர்கள் இருப்பார்கள். மாற்றுத்திறனாளிக்கான பலனை மோசடியாக அடைபவருக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அதே சட்டத்தின் 91ம் பிரிவு சொல்கிறது. அதைப் பார்ப்பது அரசாங்கத்தின் வேலை. கடன் கேட்டு வருகிற எத்தனையோ பேருடைய முகத்தை மட்டும் பார்த்து மூட்டைக் கணக்கில் சரக்கு அனுப்புகிறோம். பத்து நிமிஷம் வண்டி நிறுத்துவதற்குச் சான்றிதழ் கேட்பானேன்? கல்யாண முகூர்த்த நாட்களில் சுங்குடியும் பட்டும் எடுக்க நம் ஊருக்கு வெளியூர்க் கார்கள் வரிசையாக வருகின்றன. உண்மையில் இடத்தை அடைப்பது யார் என்று பார்த்தால், பாதி நம்முடைய சொந்த மோட்டார் சைக்கிள்களும், காலையில் இறக்கிவிட்டு மத்தியானம் வரை நகராத சரக்கு ஆட்டோக்களும்தான்.

சட்டம் நம்மையும் விடவில்லை என்பதைக் கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டிடமும், வியாபாரம் நடக்கும் இடமும் பொதுக் கட்டிடம் என்றே 2016 சட்டம் சொல்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. தனியார் சேவை தருபவர்களுக்கும் 2 ஆண்டு கெடு கொடுத்தார்கள். அது எப்போதோ முடிந்துவிட்டது. முதல் முறை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை. மாதிரிக் கட்டிட விதிகளில், வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் 2 கார் இடம், ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் அகலம் என்று அளவே கொடுத்திருக்கிறார்கள். ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர் 8ம் தேதி, இந்த வசதிகளை வெறும் ஆலோசனையாக விடக் கூடாது, கட்டாய விதியாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. புதிதாகக் கடை கட்டுபவர்கள் பிளான் போடும்போதே இஞ்சினீயரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் இடித்துக் கட்டுவது செலவு.

பத்தடி முகப்புள்ள பலசரக்குக் கடைக்காரர் 3.6 மீட்டருக்கு எங்கே போவார் என்பது எனக்கும் தெரியும். அது தனிக் கடை செய்யும் வேலையல்ல, சங்கம் செய்ய வேண்டியது. கடைத்தெருவின் இரு முனையிலும், நடுவிலும், இரண்டிரண்டு இடங்களை உள்ளாட்சி நிர்வாகத்தின் சம்மதத்தோடு கோடு போட்டு ஒதுக்கலாம். சக்கர நாற்காலிப் படத்தோடு, "நடக்க இயலாத நோயாளிகளுக்கும்" என்று ஒரு வரி தமிழில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும். லாரியும் சரக்கு ஆட்டோவும் காலை 9 மணிக்குள் இறக்கிவிட்டுப் போகும் நாளில் அந்த இடம் தானே கிடைக்கும்.

கடைக்குள் செய்ய வேண்டியதற்குப் பணம்கூட வேண்டாம். ஒரு ஸ்டூல் போதும். சாக்கடை மேல் போட்ட பலகைக்கல் ஆடாமல் இருக்க வேண்டும். சீட்டை வாங்கிக்கொண்டு, சரக்கைக் கட்டி, காரிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டுப் பணம் வாங்கி வரப் பையனை அனுப்பலாம். நம் தாத்தா காலத்தில் மாட்டு வண்டியில் வந்த பெரியவர்களுக்கு இப்படித்தான் வியாபாரம் நடந்தது. பையனுக்கு ஒன்றே ஒன்று சொல்லி வைக்க வேண்டும். "உங்களுக்கு என்ன நோய்?" என்று அவன் கேட்கக் கூடாது. கடைத்தெரு நடுவில் நின்று தன் சிறுநீரகத்தைப் பற்றிப் பத்துப் பேருக்கு விளக்கம் சொல்ல யாருக்குப் பிடிக்கும்?

பட்டியலில் டயாலிசிஸ் நோயாளிகளையும் இதய நோயாளிகளையும் சேர்க்க வேண்டும், நாடு முழுவதும் செல்லும் நிறுத்த அட்டை வேண்டும் என்று தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம். மே 5 வணிகர் தின மாநாட்டில் வரியைப் பற்றியும் சுங்கச் சாவடியைப் பற்றியும் தீர்மானம் போடுகிற நாம், நமக்கே நாளைக்கு வரக்கூடிய நோயைப் பற்றியும் ஒன்று போடுவதில் தவறில்லை. தீர்மான வாசகத்தையும், கோடு போட வேண்டிய இடங்களின் கையெழுத்துப் படத்தையும் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பெயிண்ட் செலவை என் கடைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். முனையில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை எடுக்கச் சொல்லும் பொறுப்பை மட்டும் இளைஞரணி ஏற்றுக்கொள்ள வேண்டும். அறுபதைத் தாண்டிய என்னால் அந்தச் சண்டையெல்லாம் முடியாது.