ரைட்டர் வாங்கும் வேளை எது?



சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, விசைத்தறி ஓட்டும் நம் பங்குமகன் ஒருவர் பங்குமனைக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு டி.வி.டி. தட்டுகள். மூத்த மகள் 2009ஆம் ஆண்டில் புதுநன்மை வாங்கிய நாளில் எடுத்த படம் அவற்றில் இருந்தது. ஈராண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்த அவருடைய மனைவி நடமாடுவதும் பேசுவதும் பதிந்திருப்பது உலகிலேயே அவ்விரு தட்டுகளில்தான்.

“வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட மாட்டேன் என்கிறது, சாமி. ரைட்டர் பழசாகிவிட்டது என்கிறான் பையன். இப்போதே புதிது வாங்கலாமா? அவன் படிப்பு முடிந்து கம்ப்யூட்டரையே மாற்றும்போது சேர்த்து வாங்கிக்கொள்ளலாமா?” என்று கேட்டார்.

சிறிய கேள்விதான். ஆயினும் வீடு சந்திக்கச் செல்லும் இடங்களில் இதையே வேறு வேறு வடிவில் கேட்டிருக்கிறேன். குருமடத்தில் எனக்குக் கற்பித்தவை இலத்தீனும் மெய்யியலும். கணிப்பொறியைத் தெரிந்தவர்களிடம் கேட்டும், என் மேசைமேல் உள்ளதோடு மல்லுக்கட்டியும் அறிந்துகொண்டதையே இங்குச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் பொறுத்திருப்பதே சிக்கனமாக இருந்தது. பாட்டுக் கேட்கும் குறுந்தகடு 1982இலும், டி.வி.டி. 1996இலும் கடைக்கு வந்தன. வீட்டிலிருந்தே தட்டில் எழுதும் கருவி முதலில் வந்தபோது அதன் விலை நம்மைப் போன்றோருக்கு எட்டாக்கனி. பின்னர் விலை இறங்கிக்கொண்டே வந்தது. வேகமும் கொள்ளளவும் ஏறின. குறுந்தகட்டில் 700 மெகாபைட்தான் அடங்கும், டி.வி.டி.யிலோ 4.7 ஜிகாபைட். ஆகவே அந்நாட்களில், ‘அடுத்த கிறிஸ்துமசுக்குப் பார்த்துக்கொள்வோம்’ என்று தள்ளிப்போட்ட குடும்பத் தலைவர் ஏமாந்தவர் அல்லர். குறைந்த விலைக்கு நல்ல கருவியே அவருக்குக் கிடைத்தது.

இன்று நிலைமை தலைகீழ். புதிய கணிப்பொறிகள் பலவற்றில் தட்டை நுழைக்க வாயே இல்லை. தமிழ்ப் படத் தட்டுகளை மலிவு விலையில் கடைத்தெருவெங்கும் பரப்பிய மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018இல் உத்தரவாயிற்று. சோனி நிறுவனம் எழுதத்தக்க புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியோடு நிறுத்திக்கொண்டது. ரைட்டர் இன்னும் விலைக்குக் கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் காத்திருப்பவருக்கு முன்னாளில் கிட்டிய ஆதாயம் இனிக் கிட்டப்போவதில்லை.

அதுவரை தட்டும் நமக்காகக் காத்திருக்க வேண்டுமே! கடையில் வாங்கும் சினிமாத் தட்டு அச்சில் வார்த்தது. நம் வீட்டு விசேஷத் தட்டு அப்படிப்பட்டதன்று. அதனுள்ளே மெல்லிய சாயப் பூச்சு ஒன்று உண்டு. லேசர் ஒளி அச்சாயத்தைச் சுட்டுப் புள்ளி புள்ளியாக எழுதுகிறது. வெயிலும் வெப்பமும் சாயத்தைக் கெடுக்கும். ஓட்டு வீட்டில், சித்திரை மாதத்தில், ஜன்னலோரத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் இல்லங்கள் எத்தனை! போதாததற்கு நம் சங்கரன்கோவிலில் தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி வேறு. அது கருவியின் லென்சில் படிந்துவிட்டால் நல்ல தட்டையும் கருவி கெட்ட தட்டு என்று தள்ளிவிடும்.

எனவே குற்றம் தட்டிலா, கருவியிலா என்று முதலில் தேர்ந்து தெளிய வேண்டும். அதே தட்டை அண்டை வீட்டுக் கருவியில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் உங்கள் கருவிக்கு வயதாகிவிட்டது. குறுந்தகட்டைப் படிக்க ஓர் ஒளியும், டி.வி.டி.யைப் படிக்க வேறோர் ஒளியும் கருவிக்குள் உண்டு. ஆதலால் ஒன்றைப் படித்து மற்றதை மறுப்பதும் நேரும். எழுதுவதில்தான் கோளாறு என்றால், வேறு கம்பெனியின் வெற்றுத் தட்டை வாங்கி, வேகத்தைக் குறைத்து எழுதிப் பாருங்கள். அதன்பின்னும் மூன்றாவது முயற்சியில்தான் தட்டை ஏற்கிறது என்றாலோ, தான் எழுதியதைத் தான் மட்டுமே படிக்கிறது என்றாலோ, மேலும் தாமதிக்க வேண்டாம். பழைய கணிப்பொறியின் உள்ளே பொருத்தும் கருவியைத் தேடி அலையாதீர்கள், யு.எஸ்.பி. கம்பியால் வெளியே இணைப்பதை வாங்கினால் நாளை கணிப்பொறி மாறினாலும் அது உதவும். சினிமாவும் பாட்டும் தவிர வேறொன்றும் தட்டில் இல்லாத வீடு எதுவும் வாங்க வேண்டியதில்லை. அப்பணத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கலாம்.

இவ்விடத்தில் நம் பக்கத்து ஊர்ச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. இராசபாளையம் செல்லும் சாலையில் நாம் அடிக்கடி கடந்துபோகும் கரிவலம்வந்தநல்லூருக்கு, ஏடு தேடி வந்ததை உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அங்குள்ள கோயிலில் குவியல் குவியலாக இருந்த பழைய ஏடுகள் சிதைந்துபோனமையால், சாத்திர விதிப்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடப்பட்டன என்ற விடையே அப்பெரியவருக்குக் கிடைத்தது. தீய எண்ணத்தால் செய்ததன்று. இனிப் பயன்படாது என்று கருதியதை மரியாதையோடு வழியனுப்பினார்கள். கிழிந்த செபப் புத்தகத்தை நாமும் எரிக்கத்தானே செய்கிறோம்? ஆனால் அவ்வேடுகள் நொறுங்குவதற்கு முன், யாரேனும் புதிய ஓலையில் படியெடுத்திருக்கக்கூடிய ஆண்டுகள் பல இருந்திருக்கும். அவ்வாண்டுகளில் ஏடு நன்றாகத்தான் இருக்கிறதென்று எல்லாரும் எண்ணியிருப்பார்கள்.

நம் பங்குமகனின் தட்டுகளுக்கு வருவோம். கன்னியர் மடத்துச் சகோதரிகளிடம் ஒரு வெளிக் கருவியை இரவல் வாங்கி, பையனையும் வரவழைத்து உட்கார்ந்தோம். முதல் தட்டு அரைமணி நேரத்திற்குள் முழுமையாக வந்துவிட்டது. கோயில், பூசை, வெள்ளுடையில் பிள்ளைகளின் வரிசை, எல்லாம் இருந்தன. வீட்டு விருந்து இரண்டாம் தட்டில். அதைப் பலமுறை துடைத்தும், வேகத்தைக் குறைத்தும், இராச் செபம் முடியும்வரை போராடினோம். பாதிதான் வந்தது. அடுக்களை வாசலில் நின்று அவ்வம்மாள் படம் எடுப்பவரைப் பார்த்துத் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். அவ்விடத்தில் காட்சி நின்றுவிட்டது.

“போன கிறிஸ்துமசுக்குக்கூட இது ஓடியதே, சாமி. இடையிடையே நின்று நின்று ஓடியது” என்றார் அவர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கடைசிக் காட்சியை இன்னொருமுறை காட்டச் சொன்னார், பையன் காட்டினான். வந்தவரையில் இரண்டு புதிய தட்டுகளிலும் ஒரு பென் டிரைவிலும் எழுதி, ஒரு தட்டைத் திருமணமாகிச் சென்ற மகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவ்வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் அவர் ஒரு ரைட்டரும் வாங்கிவிட்டார். இப்போது தெருவில் உள்ளவர்கள் தங்கள் கல்யாணத் தட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் போகிறார்கள்.