தீவுக்காரருக்குத் தீவு, லிபரலுக்கு ஓட்டு

'அதிகாரத்தைக் கீழே கொண்டுபோ' என்று யார் சொன்னாலும் நம்ம ஆட்கள் கைதட்டி விடுகிறார்கள். பரவலாக்கம், உள்ளாட்சி, மக்கள் பங்கேற்பு என்ற மூன்று சொல்லும் ஒரே மூச்சில் வந்துவிட்டால் அப்புறம் கேள்வியே கிடையாது. கீழே என்றால் எங்கே? அங்கே ஏற்கனவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவன் யார்? நேற்று வந்தவனுக்கு அங்கே பாய் விரிப்பார்களா, வாசலோடு நிறுத்துவார்களா? இதைக் கேட்டால் 'அப்ப நீங்க மைய அதிகாரத்துக்கு ஆதரவா?' என்று மடக்குகிறார்கள். மடக்கட்டும். பிரிட்டிஷ் லிபரல்களின் உள்ளாட்சி அரசியலை முன்மாதிரியாகக் காட்டுகிற தோழர்களுக்கு, கிழக்கு லண்டனில் அதே லிபரல்கள் எட்டு வருஷம் நடத்திய ஆட்சியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

முதலில் அவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 1970இல் தென்னாப்பிரிக்க வெள்ளை கிரிக்கெட் அணியின் சுற்றுப்பயணத்தை நிறுத்தப் போராடியதில் பீட்டர் ஹெய்ன் போன்ற இளம் லிபரல்கள் முன்னணியில் நின்றார்கள். அதே வருஷம் ஈஸ்ட்போர்ன் மாநாட்டில்தான் 'சமூக அரசியல்' என்ற கொள்கையைக் கட்சி ஏற்றது. வீடு வீடாகப் போ, உடைந்த நடைபாதையைப் பற்றி எழுது, எரியாத தெருவிளக்கைப் பற்றி எழுது, தேர்தல் இல்லாத காலத்திலும் துண்டறிக்கை போடு. லிவர்பூலில் தொடங்கிய 'ஃபோகஸ்' என்ற அந்தத் துண்டறிக்கைதான் கட்சியைத் தெருத்தெருவாக வளர்த்தது. 1977இல் வீடற்றோருக்கு வீடு கொடுப்பது உள்ளாட்சியின் சட்டக் கடமை என்று ஆனதற்கும் ஒரு லிபரல் காரணம். அந்த மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் ஸ்டீபன் ராஸ் என்ற லிபரல் எம்.பி. ஆனால் மசோதா நிறைவேறும் வழியில் ஒரு முள் செருகப்பட்டது. 'வேண்டுமென்றே வீடற்றவர் ஆனவர்' என்று கவுன்சில் முடிவுகட்டினால் நிரந்தர வீடு கொடுக்க வேண்டியதில்லை. இந்த முள்ளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டவர் ஹேம்லெட்ஸ் என்பது ஸ்டெப்னி, பாப்லர், பெத்னல் கிரீன் மூன்றையும் இணைத்து 1965இல் உருவான கவுன்சில். துறைமுகத் தொழிலாளர்களின் பூமி. 1986 வரை லேபர் கட்சியின் கோட்டை. லேபர் ஆண்டபோது வங்காளதேசத்தவருக்குச் சொர்க்கம் என்று யாரும் கதைவிட வேண்டாம். மோசமான குடியிருப்புகளில் அவர்களை அடைத்ததில் அந்தக் கட்சிக்கும் நிறையப் பங்கு உண்டு. 1986இல் லிபரல்கள் மிகக் குறைந்த பெரும்பான்மையில் கவுன்சிலைப் பிடித்தார்கள். பிடித்த உடனே சொன்னபடி செய்தார்கள். கவுன்சிலை ஏழு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனி அலுவலகம், தனிக் குழு, தனிப் பணம். புத்தகத்தில் போட்டுக் காட்டக்கூடிய பரவலாக்கம்!

அதிகாரம் கீழே இறங்கியது. இறங்கி என்ன செய்தது?

சில்ஹெட்டிலிருந்து ஆண்கள் முதலில் வந்தார்கள். தையல் பட்டறைகளில், உணவகங்களில் உழைத்தார்கள். மனைவி மக்கள் பல வருஷம் கழித்து வந்து சேர்ந்தார்கள். குடும்பமாக வீடு கேட்டபோது லிபரல் கவுன்சில் என்ன சொன்னது தெரியுமா? 'உங்களுக்கு வங்காளதேசத்தில் வீடு இருந்தது. அதை விட்டு வந்தது நீங்கள். ஆகவே வேண்டுமென்றே வீடற்றவர் ஆனவர்கள்.' லிபரல் எம்.பி. கொண்டுவந்த சட்டம், லிபரல் கவுன்சில் கையில் தாயையும் பிள்ளையையும் வெளியே தள்ளும் கம்பாக மாறியது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. இன்னொரு பக்கம் 'மகன்கள், மகள்கள்' திட்டம். ஏற்கனவே கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. கேட்க நல்லாத்தான் இருக்கு. அப்பன் ஆத்தாளுக்குப் பக்கத்தில் பிள்ளை இருக்க வேண்டாமா? ஆனால் ஏற்கனவே குடியிருப்பவர் யார்? வெள்ளைத் தொழிலாளர். வரிசையில் நிற்பவர் யார்? வங்காளதேசத்தவர். 'நிறம்' என்ற சொல் விதியில் எங்கேயும் இல்லை. அது தேவைப்படவும் இல்லை. பரம்பரை என்ற ஒரு சொல் போதும். பரம்பரை என்ன வேலை செய்யும் என்பதை நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. கிராமத்தை அலகாக்காமல் தனிமனிதரை அலகாக வைத்ததற்காக அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் மகிழ்ச்சி தெரிவித்தது ஏன் என்று கேட்கிற மாணவர்கள், டவர் ஹேம்லெட்ஸைப் படித்தால் போதும்.

இதில் பெரிய மோசடி வேறொன்று. வெள்ளைத் தொழிலாளியின் கோபம் பொய்யில்லை. டாக்லாண்ட்ஸ் கப்பல் துறைகள் 1980இல் மூடப்பட்டன. வேலை போச்சு. 1980 வீட்டுவசதிச் சட்டத்தால் கவுன்சில் வீடுகள் விற்கப்பட்டன. விற்ற பணத்தில் புது வீடு கட்டக் கவுன்சிலுக்குக் கை கட்டப்பட்டிருந்தது. 1981இல் தாட்சர் அரசு டாக்லாண்ட்ஸ் வளர்ச்சிக் கழகம் என்ற நியமன அமைப்பை உருவாக்கி, துறைமுக நிலங்களின் மேல் இருந்த திட்டமிடல் அதிகாரத்தைக் கவுன்சிலிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. அந்த நிலத்தில்தான் கேனரி வார்ஃப் கோபுரம் முளைத்தது. பார்த்தீர்களா, எந்த அதிகாரம் கீழே வந்தது, எது மேலேயே நின்றது? நிலம் மேலே போய்விட்டது. மிச்சமிருக்கிற பழைய குடியிருப்பை வெள்ளை ஏழைக்குக் கொடுப்பதா, வங்காளி ஏழைக்குக் கொடுப்பதா என்று அடித்துக்கொள்ளும் 'அதிகாரம்' மட்டும் ஏழு துண்டாகப் பிரிந்து தெருவுக்கு வந்தது. வங்கிக்காரனுக்கு எதிராகத் திரும்ப வேண்டிய கோபத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் பக்கம் திருப்பிவிட ஆள் வேண்டாமா? அதற்குத்தான் ஃபோகஸ்.

1990 தேர்தலில் லேபர் கட்சியே அடித்தது போல ஒரு போலித் துண்டறிக்கை சுற்றுக்கு வந்தது. லேபர் வந்தால் சிறுபான்மையினருக்கே சலுகை என்று வெள்ளை வாக்காளரைப் பயமுறுத்துவது அதன் நோக்கம். அச்சடித்தவர்கள் லிபரல் ஜனநாயகக் கட்சியினர். மறுபடியும் வென்றார்கள், இந்த முறை வசதியான பெரும்பான்மையோடு. ஐல் ஆஃப் டாக்ஸ் என்ற தேம்ஸ் நதித் தீவில் கோஷம் இன்னும் வெளிப்படை: தீவின் வீடு தீவுக்காரருக்கே.

அந்தக் கோஷத்தை இன்னும் சுத்தமாகப் பேசத் தெரிந்தவன் பக்கத்திலேயே காத்திருந்தான். பிரிட்டிஷ் தேசியக் கட்சி என்ற பாசிச கும்பல் 'வெள்ளையருக்கு உரிமை' என்று கிளம்பியது. 1993 செப்டம்பர் 8 அன்று 17 வயது வங்காளதேச மாணவன் ஒருவனைத் தெருவில் அடித்துக் கோமாவில் தள்ளினார்கள். எட்டே நாளில், செப்டம்பர் 16 அன்று, தீவின் மில்வால் தொகுதியில் இடைத்தேர்தல். பாசிச வேட்பாளர் டெரெக் பீக்கன் 1,480 ஓட்டு, லேபர் 1,473. ஏழு ஓட்டு! அந்தக் கட்சிக்குக் கிடைத்த முதல் கவுன்சில் இடம்.

இடைத்தரகர் எதற்கு, அசல் சரக்கே கிடைக்கும்போது?

லிபரல் தலைவர் பாடி ஆஷ்டவுன் அதிர்ந்துபோனார். வழக்கறிஞர் அந்தோணி லெஸ்டர் தலைமையில் விசாரணை வைத்தார். லெஸ்டர் சாதாரண ஆள் இல்லை, 1976 இன உறவுச் சட்டத்தின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். 1993 டிசம்பரில் வந்த அறிக்கை, உள்ளூர்க் கட்சியின் துண்டறிக்கைகள் இனவெறிக்குத் தீனி போட்டதைக் கண்டித்தது. சொந்தக் கட்சியைப் பற்றி இப்படி ஒரு அறிக்கை வெளியிட நம்ம ஊர்க் கட்சி எதற்காவது முதுகெலும்பு உண்டா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஒன்று. கெட்டுப்போனது சில துண்டறிக்கைகள் மட்டும்தானா? 'உள்ளூர் மக்கள் கேட்பதைச் செய்' என்ற கொள்கையிலேயே கோளாறு இல்லையா? உள்ளூர் மக்கள் 'அவனுக்கு வீடு கொடுக்காதே' என்று கேட்டால் என்ன செய்வாய்? இந்தக் கேள்விக்கு அந்தக் கொள்கைக்குள்ளேயே பதில் கிடையாது. 1994 மே தேர்தலில் லிபரல்கள் கவுன்சிலைப் பறிகொடுத்தார்கள். பீக்கனும் தோற்றார். ஆனால் அவர் ஓட்டு 2,041 ஆக ஏறியிருந்தது. வங்காளதேசத்தவரும் பாசிச எதிர்ப்பாளர்களும் வீடு வீடாக ஏறி இறங்கி வாக்காளரைக் கூட்டிவந்ததால்தான் அவரை வீழ்த்த முடிந்தது.

லிபரல்களில் நல்லவர்களே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். எரிக் ஏவ்பரி பிரபு, 2016இல் இறந்தவர், சாதிப் பாகுபாட்டைப் பிரிட்டிஷ் சமத்துவச் சட்டத்துக்குள் கொண்டுவர நமக்காகக் குரல் கொடுத்தவர். 2013இல் நாடாளுமன்றம் அதை அரசின் கடமை என்றே சட்டத்தில் எழுதியது. அப்போது லிபரல் ஜனநாயகக் கட்சி கன்சர்வேடிவ்களோடு கூட்டணி ஆட்சியில். 2015 வரை ஆட்சியில் இருந்தும் நடைமுறைக்கு வரவில்லை. 2018 ஜூலையில் கன்சர்வேடிவ் அரசு அந்தப் பிரிவையே நீக்கப்போவதாக அறிவித்தது. நல்ல மனுஷர் வேறு, கட்சி வேறு.

இது பழைய கதைதானே என்று ஒதுக்க முடியாது. அதே கூட்டணி ஆட்சி 2011இல் கொண்டுவந்த உள்ளூர்மயச் சட்டம், கவுன்சில் வீட்டுப் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் சுதந்திரத்தைக் கவுன்சில்களுக்கே கொடுத்தது. கன்சர்வேடிவ் கையிலிருந்த ஹில்லிங்டன் கவுன்சில் உடனே, பத்து வருஷம் இங்கே குடியிருந்தவர்தான் வரலாம் என்றது. அகதி எங்கே போவான் பத்து வருஷத்துக்கு? ஊர் ஊராகப் போகிற ஐரிஷ் நாடோடி எங்கே போவான்? இது மறைமுகப் பாகுபாடு என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கீழே இருந்த அதிகாரத்திடமிருந்து கீழே இருந்தவனைக் காப்பாற்ற மேலே இருந்து ஒரு கை வர வேண்டியிருந்தது.

2025 கோடையில் அதே ஐல் ஆஃப் டாக்ஸில், கேனரி வார்ஃப் கோபுரங்களின் நிழலில், புகலிடம் கேட்டு வந்தவர்களுக்கு ஒதுக்கிய ஹோட்டலுக்கு முன்னால் கூட்டம் திரண்டது. எப்பிங்கில் கவுன்சிலே முன்வந்து, திட்டமிடல் விதியைக் காட்டி, அப்படிப்பட்ட ஹோட்டலுக்கு எதிராக ஆகஸ்ட் 19 அன்று தற்காலிகத் தடை வாங்கியது. பத்தே நாளில் மேல் கோர்ட் அதை ரத்து செய்தது.

பரவலாக்கத் தோழர்கள் இதற்கு மறுப்பு எழுதட்டும், இதே பக்கத்தில் வரட்டும். எழுதும்போது இதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: சில்ஹெட்டிலிருந்து வந்து இருபது வருஷம் தையல் மிஷின் மிதித்தவர் உங்கள் கணக்கில் 'உள்ளூர் மக்கள்' சேர்த்தியா, இல்லையா?