வத்தை என்றால் தவறு

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் நாங்கள் இரண்டே பேர். போன வருடம் ஒரு மதிப்பீட்டு நாளில், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் படகுப் படத்தைக் காட்டி, "இது என்ன பிள்ள?" என்று கேட்டேன்.

"வத்தை, டீச்சர்."

விடைக்குறிப்பில் இருந்தது 'படகு'. வரிசையில் இன்னும் பதினாறு பேர் நின்றார்கள். கைபேசியில் 'தவறு' என்று தட்டினேன். அவள் அப்பா கடலுக்குப் போவது வத்தையில்தான். பார்க்கப்போனால் விடைக்குறிப்பைவிடத் துல்லியமாகச் சொன்னது அவள்தான்.

அடுத்தது கணக்கு. 60 – 40. அவள் எழுதியது 100. அதுவும் தவறு. அன்று சாயங்காலம் அவளை அரும்பு வட்டத்தில் உட்கார வைத்தேன்.

கொரோனா காலத்தில் விழுந்த கற்றல் இடைவெளியை அடைக்க 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று படிநிலைகள் உண்டு. நல்ல யோசனை. எல்லோருக்கும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக் கத்துவதைவிட எவ்வளவோ மேல். என் சண்டை அதோடு இல்லை. பிள்ளையை எந்த வட்டத்தில் உட்கார வைப்பது என்று முடிவு செய்ய நாம் ஒரு காரியம் செய்கிறோமே, அதோடு.

அந்தச் சனிக்கிழமை மீன் வாங்கப் போனேன். அம்மா பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். சூடை மீன், கூறு நாற்பது ரூபாய். இரண்டு கூறு எடுத்துக்கொண்டு நூறு ரூபாயை நீட்டினேன். அம்மா திரும்புவதற்குள் இருபது ரூபாயை எடுத்து என் கையில் வைத்துவிட்டாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திங்கட்கிழமை கூப்பிட்டு விசாரித்தேன். அவளுக்குக் கழித்தல் தெரியும். தெரியாதது அந்தச் சின்னக் கோடு. இரண்டு எண் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கூட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். பத்து நிமிடத்தில் சரிசெய்தாயிற்று. அரும்பில் விட்டிருந்தால் மாதக்கணக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பாள்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 1985-இலேயே வந்துவிட்டது. வியாபாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்னவர்கள், அதே கணக்கை வெறும் எண்ணாகக் கொடுத்தபோது நூற்றுக்கு முப்பத்தேழுதான் சரியாகப் போட்டார்கள். நம் கல்வி உரிமைச் சட்டமும் 29-ஆம் பிரிவில் பிள்ளையின் புரிதலையும், தெரிந்ததைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ந்து மதிப்பிடச் சொல்கிறது. பயன்படுத்தும் திறன்! அதைப் பார்க்க எனக்கு மீன் கடை தேவைப்பட்டது.

"அப்போ கணக்கெடுப்பே வேண்டாமா டீச்சர்?" என்று கேட்பார்கள். வேண்டும். எண்ணாமல் விட்ட காலத்தில் எழுத்துக்கூட்டத் தெரியாமலே ஐந்தாம் வகுப்பு முடித்துப் போன பிள்ளைகளை நானே அனுப்பியிருக்கிறேன். ஆனால் 'தவறு' என்பது பாதி வேலைதான். ஏன் தவறு என்பதில்தான் பிள்ளையின் தேவை இருக்கிறது: கண் தெரியவில்லையா, காலையில் சாப்பிடவில்லையா, கேள்வி புரியவில்லையா, வீட்டில் வேறு சொல்லா? அதை எழுத ஒரு வரி இடமும், ஒரு பிள்ளையோடு உட்கார ஐந்து நிமிடமும் கொடுங்கள். ஈராசிரியர் பள்ளியில் அந்த ஐந்து நிமிடத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும். அதைக் கேட்டால்தான் எல்லோரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

நான் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அவள் பெயர். பக்கத்தில், 'வத்தை – சரி.'