யாரைக் கேட்டு உரத்தை நிறுத்தினார்கள்?

2020 அக்டோபரில் இலங்கையில் நிறைவேறிய அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தை மேலும் பெருக்கியது. அந்த ஆட்சியில்தான், மறுவருடம் மே 6ஆம் திகதி, வர்த்தமானி ஒன்றால் இரசாயன உர இறக்குமதி நின்றது. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்‌ஷ யாரிடம் ஆலோசனை கேட்டார், தேயிலையைப் பற்றி ஆலோசனை மேசையில் பேசியது யார்? இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்துச் சனங்களை யாரும் கேட்கவில்லை. 1000 ரூபாய் நாட்சம்பளம் அப்போதுதான் வந்திருந்தது. உரமில்லாத மலையில் கொழுந்து குறைந்தால், தராசில் கிலோ சேராது, கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான். நவம்பரில் தடையை விலக்கினார்கள். அரைப்பேரில் போன கூலி போனதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. ஆனால் எல்லாம் முடிந்தபின் விண்ணப்பம் எழுதி என்ன செய்வது? வர்த்தமானி அச்சேறுமுன்பே ஆலோசனைக் குறிப்புகள் பாராளுமன்றத்துக்கு வரவேண்டும், தமிழிலும்.